வீட்டில் சாயம் போட்ட பருத்திச் சட்டையில் உப்பு, வினிகர் சேர்த்தும் நிறம் ஏன் நிற்பதில்லை?

வினிகர் பருத்தியில் சாயத்தைப் பிடித்து வைக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கேள்வி எங்கே வந்தாலும் "இன்னும் கொஞ்சம் வினிகர் ஊற்றுங்கள்" என்று யாராவது எழுதிவிடுகிறார்கள், படிக்கும்போதெல்லாம் மனசு பொறுப்பதில்லை. "நான் வினிகர்தான் போட்டேன், நின்றதே" என்று ஒருவர் கட்டாயம் வருவார். நின்றிருக்கும். அது கம்பளியாகவோ பட்டாகவோ நைலானாகவோ இருந்திருக்கும். அவற்றுக்கு ஆசிட் சாயம், கூடவே புளிப்பு, நல்ல சூடு எல்லாம் வேண்டும். பருத்தி, லினன், விஸ்கோஸ் மூன்றும் செடி கொடி மரத்திலிருந்து வரும் இழைகள். இவற்றில் நிறம் நிலைக்க வேண்டியது இவற்றுக்கான ரியாக்டிவ் சாயமும், புளிப்புக்கு நேர் எதிரான சலவைச் சோடாவும்.

எல்லாத் துணிக்கும் ஆகும் என்று அட்டையில் போட்டிருக்கும் தூளைத்தான் நீங்கள் வாங்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதில் ஒன்றுக்கு மேற்பட்ட சாய வகைகளைக் கலந்திருப்பார்கள். பருத்திக்கான பங்கு டைரக்ட் சாயம். உப்பு அதை இழைக்குள் போக வைக்கும், ஆனால் அங்கே கட்டிப் போடாது. அதனால் துவைக்கத் துவைக்க இறங்கிக்கொண்டே இருக்கும். குறை உங்கள் கையில் இல்லை.

எங்கள் அம்மா வைத்திருந்த பருத்திப் படுக்கை விரிப்பு ஒன்று பழுப்பேறிக் கிடந்தது. நெசவு அப்படியே உறுதியாக இருந்தது, நிறம்தான் செத்துப் போயிருந்தது. "இதைத் தரை துடைக்கப் போட்டுடலாமே" என்றார் அண்ணி. அவர் தப்பாகச் சொல்லவில்லை, யார் பார்த்தாலும் அதைத்தான் சொல்வார்கள். எனக்குத்தான் மனசு வரவில்லை. ரியாக்டிவ் சாயம் வாங்கினேன். 1956-இல் பிரிட்டனின் ஐசிஐ நிறுவனம் புரோசியான் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்த வகை இது. இது பருத்தி இழையோடு வேதிப் பிணைப்பாகவே சேர்ந்துகொள்கிறது. கொதிக்க வைக்கவும் வேண்டாம், வெதுவெதுப்பான தண்ணீரே போதும்.

விரிப்பை முதலில் சோப்புத் தூளும் சலவைச் சோடாவும் போட்டுச் சுடுதண்ணீரில் நன்றாகத் துவைத்தேன். எண்ணெய்ப் பிசுக்கும் கஞ்சியும் போகாத இடத்தில் சாயம் திட்டுத் திட்டாகத்தான் ஏறும். காய்ந்த துணியை எடை போட்டுத்தான் சாயம் அளக்க வேண்டும். நடுத்தர நிறத்துக்குக் கிலோவுக்கு 20 கிராம், அடர்த்தியாக வேண்டுமென்றால் 40, கறுப்புக்கு இன்னும் கூடுதல். கண்ணளவில் போட்டால் கறுப்பு வேண்டியவருக்குச் சாம்பல்தான் கிடைக்கும். லிட்டருக்கு 50 கிராம் உப்பு போட்ட சாயத் தண்ணீரில் நனைத்த துணியை இறக்கி, கையெடுக்காமல் அரை மணி நேரம் புரட்டினேன். பிறகு லிட்டருக்கு 10 கிராம் கணக்கில் சலவைச் சோடாவைத் தனியாகக் கரைத்து, துணிமேல் நேராகப் படாமல் ஓரமாக ஊற்றி, இன்னும் ஒரு மணி நேரம் அவ்வப்போது புரட்டிவிட்டேன். துணியில் பழுப்பு மஞ்சள் இருந்ததால் வெறும் நீலம் போட்டால் பச்சை தட்டும். அதனால் ஊதா சாய்ந்த கருநீலமாகப் பார்த்து எடுத்திருந்தேன். சாயம் அடியில் இருக்கும் நிறத்தை மூடாது, அதோடு சேர்ந்துதான் தெரியும்.

எல்லாரும் அவசரப்படுவது அலசும்போதுதான். சாயத்தில் ஒரு பங்கு இழையோடு சேராமல் தண்ணீரோடு சேர்ந்து வீணாகி, துணிக்குள்ளேயே தங்கிவிடும். முதலில் பச்சைத் தண்ணீரில் உப்பும் சோடாவும் போகும்வரை அலச வேண்டும். அப்புறம் கொதிக்கும் பக்குவத்துக்கு அருகில் இருக்கும் சுடுதண்ணீரில், சோப்புத் தூள் போட்டு, தண்ணீர் தெளியும்வரை திரும்பத் திரும்ப. இதைப் பாதியில் விட்டவர்கள்தான் அடுத்த சலவையில் வாளி நீலமாவதைப் பார்த்துச் சாயம் போகிறது என்கிறார்கள். போவது ஒட்டாத மிச்சம், நிறமே மங்குவது வேறு. எங்கள் விரிப்பு இன்றைக்கும் வெள்ளைத் துணியோடு சேர்ந்தே துவைபடுகிறது. ஓரத் தையல் மட்டும் வெளுப்பாக நிற்கிறதே என்று அண்ணன் கேட்டார். அது பாலியஸ்டர் நூல், இந்தச் சாயம் அதில் ஏறாது. கருநீலத்தில் அந்தக் கோடு எனக்குப் பிடித்தே இருக்கிறது.

இயற்கைச் சாயம் போடக் கூடாதா என்று கேட்பவர்களுக்கு: தாராளமாகப் போடுங்கள், நான் எதிரி இல்லை. அவுரி அருமையான நிறம். ஆனால் மஞ்சள் போட்ட துணி என்னதான் படிகாரம் சேர்த்தாலும் வெயிலில் வெளுக்கும். ரசாயனமே இல்லாத சாயம் என்ற பேச்சையும் என்னால் ஏற்க முடியவில்லை, படிகாரமும் ரசாயனம்தான்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். முன்பெல்லாம் சட்டைக் கழுத்தில் தைத்த பட்டி இருக்கும், எந்த இழை எத்தனை சதவீதம் என்று பார்த்துக்கொள்ளலாம். இப்போது துணியிலேயே மையால் அச்சடித்து விடுகிறார்கள், நாலு சலவையில் அழிந்துவிடுகிறது. காசு கொடுத்து வாங்கிய துணி எதனால் ஆனது என்று தெரிந்துகொள்ள, உள்தையலில் ஒரு நூலை உருவி எரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. பருத்தி காகிதம்போல் எரிந்து சாம்பலாகும், பட்டும் கம்பளியும் முடி கருகும் வாடை அடிக்கும், பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியாகும். இதை வாங்குபவர் ஏன் செய்ய வேண்டும்? தைத்த பட்டிக்கு அவர்களுக்கு எவ்வளவு செலவாகிவிடும்?

உங்கள் சட்டைக்கு வருகிறேன். அதிலும் முதலில் ஒரு நூலை எரித்துப் பாருங்கள். பருத்தி என்று உறுதியானால், ஒட்டாத சாயம் போகும்வரை சுடுதண்ணீரில் அலசிவிட்டு, அதன் மேலேயே ரியாக்டிவ் சாயம் போடலாம். இப்போதைக்கு இதே நிறம் போதுமென்றால் டைரக்ட் சாயத்துக்கான நிறநிறுத்தி என்று கேட்டு வாங்கி ஊறவையுங்கள். இறங்குவது குறையும், முற்றிலும் நிற்காது, தனியாகப் பச்சைத் தண்ணீரில்தான் துவைக்க வேண்டும். அலுமினியப் பாத்திரத்தில் சலவைச் சோடா வேண்டாம், எவர்சில்வரோ பிளாஸ்டிக் வாளியோ போதும். அந்தப் பாத்திரம் மறுபடி சமையலுக்குப் போகக் கூடாது. தூளைக் கரைக்கும்போது முகக்கவசம், கையுறை இரண்டும் கட்டாயம் போடுங்கள். ரியாக்டிவ் தூளை மூச்சில் இழுத்தால் சிலருக்கு ஒவ்வாமை வந்துவிடும், கரைத்த பிறகு அந்தப் பயம் இல்லை.