வெஸ்டா சிறுகோள் என்பது என்ன? அது ஏன் சரியான உருண்டையாக இல்லை?

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சூரியனைச் சுற்றும் பெரிய பாறைதான் வெஸ்டா. 1807 மார்ச் 29 அன்று, ஜெர்மனியின் பிரெமன் நகரிலிருந்து வானியலாளர் ஓல்பர்ஸ் அதைக் கண்டுபிடித்தார். சராசரி விட்டம் சுமார் 525 கி.மீ. தன்னைத்தானே சுற்ற 5 மணி 20 நிமிடம் போதும்.

தொடக்கத்தில் அது உருகிக் கிடந்தது. இரும்பு நடுவே இறங்கியது, எரிமலைப் பாறை மேலே படிந்தது. அப்போது ஏறக்குறைய உருண்டைதான். ஆறி இறுகிய பிறகு வேறு பாறை மோதி விழுந்த அடிதான் வடிவத்தைக் கெடுத்தது: தென்துருவத்தில் 500 கி.மீ. அகலக் குழி, அதன் நடுவே 20 கி.மீ.க்கு மேல் உயர்ந்த மலை. 2011இல் நாசாவின் டான் விண்கலம் இதை அருகிலிருந்து படமெடுத்தது.

நம் டெல்டா வயலையே பாருங்கள். நடவுச் சேற்றில் காலை எடுத்ததும் தடம் தானே மூடிக்கொள்ளும். கோடையில் வெடித்துக் கிடக்கும் களிமண்ணில் மண்வெட்டி போட்ட குழி அப்படியே நிற்கும். வெஸ்டா அடிவாங்கியது காய்ந்த வயலாக இருந்தபோது.

எடையும் அதிகம். ஒரு லிட்டர் அளவு தண்ணீர் 1 கிலோ, அம்மிக்கல் சுமார் 2.7 கிலோ, வெஸ்டா சராசரியாகச் சுமார் 3.4 கிலோ.

ஏறத்தாழ 16, 17 மாதத்துக்கு ஒருமுறை பூமிக்கு நெருங்கி வரும். வேதாரண்யம் பக்கம் நிலவில்லாத இரவில் பைனாகுலரில் தெரியும். வானத்தின் அந்தப் பகுதியைத் தாளில் புள்ளிகளாக வரைந்து, மூன்று நாள் கழித்து ஒப்பிடுங்கள்; இடம் மாறிய புள்ளிதான் வெஸ்டா. பனி இறங்கினால் லென்ஸ் மங்கும், துடைத்துக்கொள்ளுங்கள்.

வெஸ்டா சுற்றும் அந்தச் சிறுகோள் பட்டையில் பாறைகள் நெருக்கியடித்து நிற்பதாகப் பலர் நினைக்கிறார்கள். மொத்தத்தையும் சேர்த்தாலும் நிலாவின் எடையில் சுமார் 3 சதவீதம்தான், விண்கலங்கள் மோதாமல் கடந்து போகின்றன.