இலங்கை மலையகத்தில் வசந்த காலத்துக்கு முன் வீட்டையும் வாசலையும் எலி, பூச்சி அண்டாமல் வைத்துக்கொள்வது எப்படி?

கேள்வியைப் பார்த்ததும் சிரிப்புத்தான் வந்தது. நமக்கு ஏது வசந்த காலம் என்று நினைத்தேன். அப்புறம்தான் நுவரெலியா ஞாபகம் வந்தது. ஏப்ரலில் குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி, கொழும்புக்காரர்களின் வாகன வரிசை. அதைத்தானே பேப்பர்க்காரர்கள் வருஷா வருஷம் வசந்த காலம் என்று எழுதுகிறார்கள். மலையகத்துக்குப் புதிதாக வந்து பழைய வீடொன்றை எடுத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அநேகமாகத் தகரக் கூரை, பின்னால் விறகுக் கொட்டில், சுற்றிவரப் புல். அப்படித்தான் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

நான் பூச்சியியல் படித்தவள் இல்லை. தேயிலைத் தோட்டப் பாடசாலையில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். தலவாக்கலைக்குப் பக்கத்தில், லயம் என்கிற தோட்டத் தொழிலாளர் வரிசை வீடொன்றில் பிறந்து, இருபத்தாறு வருஷம் எலிகளோடு ஒரே கூரைக்குக் கீழே இருந்தேன். அதுதான் என் தகுதி. விஷயம் தெரிந்தவர்கள் திருத்தினால் கோபப்பட மாட்டேன்.

இதற்குப் பதில் எழுத உட்கார்ந்ததற்கு வேறொரு காரணம் உண்டு. கண்டியில் படிக்கும்போது போர்டிங்கில் என்னோடு இருந்த ஒருத்தி, அலுமாரியில் கரப்பான் ஓடியதைப் பார்த்துவிட்டு, "லயத்து ஆட்கள் வந்தா இதுகளும் கூடவே வரும்" என்றாள். அந்தக் கரப்பான் எனக்கு முன்பே அங்கே குடியிருந்தது. இருந்தாலும் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. பதினைந்து வருஷம் கழித்து இங்கே சொல்கிறேன்.

என் அம்மா விடிய நாலரைக்கு எழும்பி இஸ்தோப்பை, அதாவது வாசல் திண்ணையைக் கழுவிவிட்டுத்தான் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போவார். சோற்றுப் பானையைக் கவிழ்க்காமல் படுத்த நாளில்லை. ஆனாலும் எலி வந்தது. லயத்தில் ஒரே கூரை, அதன் கீழே பத்துப் பன்னிரண்டு காம்பரா (அறை). இடையில் இருக்கிற சுவர் பல இடங்களில் தகரம் வரைக்கும் போய் முட்டாது. முதல் காம்பராவில் ஏறிய எலி கடைசிக் காம்பரா வரை தரையில் கால் வைக்காமல் போய்விடும். ஒரு வீட்டுக்காரர் மட்டும் சுத்தமாக இருந்து என்ன செய்ய? "சும்மா பழைய பாட்டுப் பாடுகிறாய்" என்று யாராவது கீழே எழுதுவீர்கள். எழுதுங்கள். ஓர் இரவு அங்கே படுத்துவிட்டு வந்து எழுதுங்கள்.

சரி, உங்கள் வீட்டுக்கு வருகிறேன். மாசி வரை இங்கே குளிரும் வறட்சியுமாக இருக்கும். மார்ச் கடைசியில் பின்னேரங்களில் இடியோடு மழை தொடங்கும். மே மாதம் தென்மேல் பருவமழை பிடித்தால் ஹட்டன், வட்டவளைப் பக்கம் வாரக்கணக்கில் விடாது. வளைக்குள் தண்ணீர் போனதும் எலி காய்ந்த இடம் தேடி வீட்டுக்கு வரும். ஆகவே செய்வதைச் சித்திரை வருஷப் பிறப்புக்கு முன்பே செய்துவிட வேண்டும். எல்லோரும் வீட்டுக்குள்ளே கூட்டிப் பெருக்கிச் சுண்ணாம்பு அடிப்பார்கள். மேலே யாரும் பார்ப்பதில்லை. நாங்களும் பார்க்கவில்லை.

2018 சித்திரையில் நடந்ததைச் சொல்கிறேன். வீட்டுத் திட்டத்தில் ஏழு பேர்ச் காணியில் தனி வீடு கிடைத்துக் கொஞ்ச நாள். இனி எலிக்கும் நமக்கும் சம்பந்தமில்லை என்று இருந்தோம். கடன் வாங்கி நாங்களே சீலிங் அடித்தோம். பத்தாம் நாள் இரவு சீலிங்குக்கு மேலே பந்து உருட்டுகிற மாதிரி சத்தம். அப்பா கடையில் விஷக் கட்டி வாங்கி வந்தார். "இதத் தின்னா தண்ணி தாகம் எடுத்து வெளிய ஓடிப் போய்த்தான் சாகும்" என்று கடைக்காரர் சொன்னாராம். அம்மா மட்டும், "எலி செத்தா நாறும், அவன் கட மூலையிலயா நாறப்போகுது?" என்று கேட்டார். நாங்கள் காதில் வாங்கவில்லை.

அந்த மாதிரிக் கட்டிகள் இரத்தம் உறையாமல் செய்து கொல்பவை. தின்ற எலி அன்றைக்கே சாகாது, சில நாள் போகும். கடைசியில் களைத்துத் தன் கூட்டிலேயே சுருண்டுவிடும். தண்ணீர் தேடி வெளியே ஓடும் என்பதெல்லாம் வியாபாரப் பேச்சு. இது எனக்கு எப்போது தெரிந்தது என்றால், தங்கச்சியைப் பெண் பார்க்க பண்டாரவளையிலிருந்து ஆட்கள் வந்த அன்று.

முதல் நாள் இலேசான வாடைதான். சாம்பிராணி போட்டோம். மறுநாள் வெயில் ஏறித் தகரம் சூடானதும் முன் அறைக்குள் நிற்க முடியவில்லை. வேனிலிருந்து ஒன்பது பேர் இறங்கினார்கள். மாப்பிள்ளையின் அம்மா உட்கார்ந்து சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "கருவாடா பொரிக்கிறீங்க?" என்று கேட்டார். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. வீட்டில் சாம்பாரும் பாயாசமும். அம்மா கண் இமைக்காமல் பக்கத்து வீட்டுப் பக்கம் கையைக் காட்டினார். பக்கத்து வீட்டு அக்கா அந்த நேரம் பார்த்து எங்களுக்கு உதவிக்கு வந்து, தட்டில் லட்டு அடுக்கிக்கொண்டிருந்தார். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. கல்யாணம் நடந்துவிட்டது. ஆனால் மச்சான் எங்கள் வீட்டுக்கு வந்தால் வாசலில் நின்று, "இன்னைக்குக் கருவாடா?" என்று கேட்காமல் உள்ளே வர மாட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சீலிங் பலகையைக் கழற்றினோம். செத்தது இரண்டு. அவற்றுக்குக் கீழே இருந்த மெத்தையைத்தான் நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சாக்கு நார், என் மாணவர்களின் கொப்பித் தாள், தங்கச்சியின் பழைய சால்வையில் ஒரு துண்டு. சாக்கு நார் எங்கிருந்து வந்தது? நெளித் தகரம் சுவரில் உட்காரும் இடத்தில் ஒவ்வொரு நெளிக்குக் கீழேயும் இரண்டு விரல் போகிற ஓட்டை இருக்கும். எங்கள் வீட்டில் ஒரு பக்கத்துக்கு மட்டும் நாற்பத்தொன்று எண்ணினேன். அப்பா குளிருக்கு அடக்கமாக அதிலெல்லாம் சாக்கை அடைத்திருந்தார். எலிக்குக் கதவையும் திறந்து வைத்து மெத்தையும் கொடுத்திருக்கிறோம்.

ஆகவே மருந்து வாங்குமுன் ஓட்டையைத் தேடுங்கள். நல்ல வெயில் நேரத்தில் விளக்கை அணைத்து, ஜன்னலைச் சாத்திவிட்டு சீலிங்குக்கு மேலே தலையை நீட்டிப் பாருங்கள். வெளிச்சம் வருகிற இடமெல்லாம் வழிதான். பெருவிரல் நுழைகிற ஓட்டை எலிக்குப் போதும். சுண்டெலிக்கு அதில் பாதி போதும். சுவரோரம் கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்குக் கோடு தெரிந்தால் அது எலி தினமும் உடம்பை உரசிக்கொண்டு போகிற பாதை. பொறி வைப்பதென்றால் நடு அறையில் வைக்காதீர்கள். அந்தக் கோட்டில், சுவரை ஒட்டி வையுங்கள். கருவாட்டுத் தலையை விடச் சுட்ட தேங்காய்க்கு எங்கள் வீட்டு எலிகள் நன்றாக வந்தன.

அடைக்கும்போது நான் செய்த பிழையைச் செய்யாதீர்கள். முதலில் கோழிக்கூட்டு வலை வாங்கி அடித்தேன். பெரிய எலி வருவது நின்றது, குட்டிகள் வலைக் கண்ணுக்குள்ளால் வந்து போயின. கால் அங்குலக் கண் உள்ள கம்பி வலைதான் வேண்டும். சுவர் ஓட்டைகளுக்குச் சட்டி தேய்க்கும் கம்பி நாரை இறுக்கி, மேலே சீமெந்து பூசலாம். எங்கள் தாத்தா சீமெந்தில் உடைந்த போத்தல் கண்ணாடியைக் கலப்பார். அதுவும் நல்ல வேலைதான், கை கவனம்.

அந்தக் கம்பி வலை இங்கே கடையில் கிடைக்காமல் ஒன்லைனில் ஓடர் சொன்னேன். அதைப் பற்றியும் கொஞ்சம் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. கொண்டுவந்த பையன் போன் எடுத்து, "வீட்டு இலக்கம் என்ன?" என்றான். இலக்கம் இல்லை. "ரோட்டுப் பேர்?" அதுவும் இல்லை. தோட்டத்தின் பெயர், டிவிஷன், அவ்வளவுதான் எங்கள் விலாசம். முந்நூறு குடும்பத்துக்கும் அதே விலாசம். பார்சல் திரும்பிப் போய்விட்டது. இது பரவாயில்லை, வலைதானே. என்னோடு படித்த ஒருத்திக்கு நேர்முகப் பரீட்சைக் கடிதம் வந்து, தோட்டத்து ஒபிசில் கிடந்து, நாள் கழிந்து இரண்டு கிழமைக்குப் பிறகு கைக்குக் கிடைத்தது. அவள் இன்றைக்கும் கொழும்பில் துணிக்கடையில் நிற்கிறாள். நம் ஆட்கள் இந்த நாட்டுக்கு வந்து 200 வருஷம் என்று 2023இல் மேடை போட்டுப் பேசினார்கள். ஒரு வீட்டுக்கு ஓர் இலக்கம் போட இன்னும் எத்தனை வருஷம்? கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், தெரியும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் மழைக்கு ஈசல் வரும். லைட்டை அணைத்தால் போய்விடும். ஆனால் மறுநாள் வீட்டுக்குள் ஜன்னலடியில் உதிர்ந்த சிறகு குவிந்திருந்தால் கறையான் கிட்டத்தில்தான் இருக்கிறது. சுவரில் பென்சில் தடிப்பில் மண் கோடு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். விறகைச் சுவரில் சாய்த்து அடுக்காதீர்கள், ஓரடி தள்ளி, கல் வைத்து அதன் மேல் அடுக்குங்கள். வாசலில் புல்லைக் குட்டையாக வெட்டி, மம்பட்டியால் தண்ணீர் ஓடுகிற கானைத் துப்பரவாக்கிவிட்டால் அட்டை பாதியாகக் குறையும். காலில் ஏறியதற்கு உப்போ சவர்க்காரமோ போதும்.

கண்டிப் பக்கம் என்றால் நுளம்பு விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். டெங்கு நுளம்பின் முட்டை காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. பூச்சாடித் தட்டில் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும், கிழமைக்கு ஒரு தரம்.

உங்கள் வீடு கன நாள் பூட்டிக் கிடந்ததென்றால் தெள்ளுப் பூச்சி இருக்கலாம். என் மாமா நுவரெலியாவில் ஒரு கொழும்புக் குடும்பத்தின் வீட்டுக்குக் காவல். அவர்கள் ஏப்ரலில் மட்டும் வருவார்கள். கூட்டுப்புழுவாகக் காத்துக் கிடக்கிற தெள்ளு, ஆள் நடக்கிற அதிர்வு பட்டதும் வெளியே குதிக்கும். மாமா ஒரு வாரம் முன்பே வெள்ளைக் காலுறை போட்டுக்கொண்டு அறை அறையாக நடப்பார். காலுறையில் கறுப்புப் புள்ளி ஏறினால் விரிப்பையெல்லாம் சுடுதண்ணீரில் போட்டுவிட்டுத் தரை இடுக்குகளைச் சுத்தம் செய்வார்.

குளவியிடம் மட்டும் வீரம் காட்ட வேண்டாம். கூரை விளிம்பில் எலுமிச்சை அளவில் இருக்கும்போதே கண்டுபிடித்தால் ஏதாவது செய்யலாம், அதற்கு மேல் பழக்கப்பட்ட ஆளைக் கூப்பிடுங்கள். பருந்தொன்று கூட்டைக் கலைத்ததில், கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அம்மாவைக் குளவிகள் பதினேழு இடத்தில் கொட்டின. மூச்சு இழுத்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். நாங்கள் லொறியில் ஏற்றிக்கொண்டு ஓடினோம்.

வேப்பிலைப் புகை போடுங்கள் என்று வேறு பதிலில் ஒருவர் எழுதியிருக்கிறார். நல்லது. இந்தக் குளிரில் வேப்பமரம் எங்கே நிற்கிறது என்பதையும் அவரே சொல்லிவிட்டால் உதவியாக இருக்கும்.

இரண்டாம் முறை சொன்ன கம்பி வலை, ஹட்டன் டவுனில் ஒரு கடை விலாசத்துக்கு வந்து, நானே போய்த் தூக்கி வந்தேன். எல்லா ஓட்டையையும் அடைத்து மூன்றடி மிச்சம் இருக்கிறது. தலவாக்கலைப் பக்கம் என்றால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். தபாலில் மட்டும் அனுப்பச் சொல்லாதீர்கள்.