வைரம் எங்கே பிறக்கிறது? – கேள்வி பதில்

கேள்வி: நிலக்கரி பல கோடி ஆண்டுகள் மண்ணுக்குள் அழுந்திக் கிடந்தால் வைரமாகிவிடும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மையன்று. இது இன்றும் பாடம்போலச் சொல்லப்படுவது வருந்தத்தக்கது. நிலக்கரி நிலத்தாவரங்களிலிருந்து உருவானது. அத்தாவரங்கள் தோன்றியே ஏறத்தாழ 50 கோடி ஆண்டுகள்தான் ஆகின்றன. வயது கணிக்கப்பட்ட வைரங்களில் பெரும்பாலானவையோ 100 கோடி முதல் 350 கோடி ஆண்டுகள் பழமையானவை. கண்டங்களின் மிகத் தொன்மையான, தடித்த பகுதிகளுக்கு அடியில், 150 முதல் 200 கி.மீ. ஆழத்தில், காற்றழுத்தத்தைப்போல் சுமார் 50,000 மடங்கு அழுத்தமும் 900 முதல் 1,300 டிகிரி செல்சியஸ் வெப்பமும் நிலவுகின்றன. அங்கே பாறைகளின் ஊடே நகரும் கார்பன் கலந்த பாய்மங்களிலிருந்தே வைரம் படிகமாகிறது.

கேள்வி: அத்தனை ஆழத்திலிருந்து அது மேலே வருவது எப்படி? வழியில் கிராஃபைட்டாக (பென்சிலில் உள்ள கார்பன் வகையாக) மாறிவிடாதா?

பதில்: மெதுவாக வந்தால் மாறிவிடும். வைரத்தைக் காப்பாற்றுவது வேகம்தான். கிம்பர்லைட் என்னும், வாயுக்கள் நிறைந்த பாறைக்குழம்பு சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ மேலேறி வெடித்து, கேரட் கிழங்கின் வடிவக் குழாய்போல் உறைகிறது; வைரம் அதில் பயணியாக மட்டுமே வருகிறது. ஆகவேதான் வைரத்தின் வயது, அதைச் சுமந்து வந்த பாறையின் வயதைவிடப் பெரும்பாலும் பல மடங்கு அதிகமாக இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி நகரின் பெயரே இப்பாறைக்கு வைக்கப்பட்டது. போட்ஸ்வானா, ரஷ்யாவின் யாகூதியா, கனடாவின் வடபகுதி ஆகியவற்றின் பெரிய சுரங்கங்களும் இவ்வகைக் குழாய்களிலேயே அமைந்துள்ளன.

கேள்வி: கோல்கொண்டா வைரம் கோல்கொண்டாவில் கிடைத்ததா?

பதில்: இல்லை. கோல்கொண்டா கோட்டையும் சந்தையும் இருந்த இடம். கற்கள் கிடைத்தவை கொல்லூர், பரிடாலா போன்ற கிருஷ்ணா ஆற்றுப் படுகையின் சரளை மண்ணில். தாய்ப்பாறையை மழையும் ஆறும் அரித்தாலும், வைரம் தேயாமல் சரளையில் தங்கிவிடும். 1720களில் பிரேசிலில் வைரம் வெளிப்படும் வரை உலகின் முதன்மையான ஊற்று இந்தியாதான். இன்று மத்தியப் பிரதேசத்தின் பன்னா மாவட்டத்தில் மஜ்காவன் சுரங்கம் உள்ளது. ஆந்திரத்தின் வஜ்ரகரூர் பகுதியில் மழை பெய்தவுடன் மக்கள் வயல்களில் வைரம் தேடி இறங்குவது இப்போதும் நடக்கிறது.

கேள்வி: ஆய்வக வைரமும் அமெரிக்கன் டைமண்டும் ஒன்றா?

பதில்: இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. அமெரிக்கன் டைமண்ட் என்று நகைக்கடைகளில் விற்கப்படுவது சிர்கோனியம் ஆக்சைடு. அதில் கார்பனே இல்லை. ஆய்வக வைரம் முழுக்க முழுக்க வைரமே.

அதை வளர்க்க இரண்டு வழிகள் உண்டு. 1954இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் வெற்றி கண்ட முதல் வழியில், உருகிய இரும்பு, நிக்கல் போன்ற உலோகத்தில் கார்பன் கரைந்து, கடும் அழுத்தத்திலும் வெப்பத்திலும் படிகமாகிறது. மற்றொன்றில் அழுத்தமே தேவையில்லை. காற்று பெருமளவு நீக்கப்பட்ட அறையில் மீத்தேனையும் ஹைட்ரஜனையும் நுண்ணலையால் பிளாஸ்மாவாக, அதாவது மின்னேற்றம் பெற்ற வாயுவாக, மாற்றினால், மெல்லிய வைரத் தகட்டின்மீது கார்பன் அணுக்கள் அடுக்கடுக்காகப் படிகின்றன; கூடவே உருவாகும் கிராஃபைட்டை ஹைட்ரஜன் அணுக்கள் அரித்து அகற்றிவிடுவதால் வைரம் மட்டும் எஞ்சுகிறது. சில வாரங்களில் நகைக்கேற்ற கல் தயாராகிவிடும். இத்துறைக்கென 2023ஆம் ஆண்டின் மத்திய நிதிநிலை அறிக்கை அறிவித்த ஆய்வு மானியம் சென்னை ஐ.ஐ.டி.க்கு வழங்கப்பட்டது.

கேள்வி: கடைக்காரரின் டெஸ்டரில் வைத்தால் இயற்கைக் கல்லா, ஆய்வகக் கல்லா என்று தெரிந்துவிடுமா?

பதில்: தெரியாது. அக்கருவிகளில் பெரும்பாலானவை வெப்பம் கடத்தும் திறனையே அளக்கின்றன. அது இரண்டிலும் ஒன்றே. வேறுபாடு நைட்ரஜனில் இருக்கிறது. பூமிக்குள் கோடிக்கணக்கான ஆண்டுகள் சூட்டில் கிடந்த வைரத்தில் நைட்ரஜன் அணுக்கள் மெல்ல நகர்ந்து கூட்டமாகச் சேர்ந்திருக்கும்; அழுத்த முறையில் வளர்ந்த கல்லில் அவை பெரும்பாலும் தனித்தனியாகவே நிற்கும். பிளாஸ்மா முறைக் கற்களிலும் சிறந்த கோல்கொண்டா கற்களிலும் நைட்ரஜன் ஏறக்குறைய இல்லாததால், அவற்றைப் புறஊதா ஒளியில் தெரியும் வளர்ச்சி வரிகளைக் கொண்டும் நிறமாலை ஆய்வைக் கொண்டும்தான் பிரித்தறிய இயலும். ஆகவே, வாங்கும்போது கல் இயற்கையானதா, ஆய்வகத்தில் வளர்ந்ததா என்பதைத் தெளிவாகக் குறிப்பிடும் பரிசோதனைக்கூடச் சான்றிதழைத் தயங்காமல் கேளுங்கள்.