ஐப்பசி மழைக்குப் பிறகு .22 ரைஃபிளில் தோட்டா ஏறவில்லை, மேகசின் உதட்டை வளைக்கலாமா?

கேள்வி: குன்னூரில் இருக்கிறேன். உரிமத்தோடு வைத்திருக்கும் .22 எல்.ஆர். (லாங் ரைஃபிள்) போல்ட் ரைஃபிள், போல்ட்டைக் கையால் முன்பின் இயக்கித் தோட்டா ஏற்றும் வகை. கட்டை (மரப்பகுதி) மட்டும் தனியாகச் சொல்லிச் செய்தது, காஷ்மீர் வால்நட். 10 தோட்டா மேகசின் (தோட்டா அடுக்கும் பெட்டி). மார்ச், ஏப்ரலில் ஒரு குறையும் இல்லை. ஐப்பசி மழை பிடித்த பிறகு இரண்டுக்கு ஒரு தடவை போல்ட் தோட்டாவை எடுக்காமல் மேலே வழுக்கிப் போகிறது. சில நேரம் ஈயமுனை சேம்பர் (குழலில் தோட்டா உட்காரும் அறை) வாயில் முட்டி நின்றுவிடுகிறது. மேகசின் உதட்டை (மேல்வாயில் தோட்டாவைப் பிடித்திருக்கும் மடிப்பு) பிளையரால் கொஞ்சம் வளைத்தால் சரியாகும் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்:

பிளையரை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். ஏப்ரலில் ஒழுங்காக ஓடிய மேகசினின் இரும்பு உதடு ஐப்பசியில் தானாக விரிந்துவிடாது. இந்த ஆறு மாதத்தில் உங்கள் ரைஃபிளில் அளவு மாறியிருக்கக்கூடிய பொருள் ஒன்றுதான், கட்டையின் மரம். முதலில் அதைப் பாருங்கள், மேகசின் பிறகு.

கணக்கு இப்படி. .22 எல்.ஆர். தோட்டாவின் அடி விளிம்பு சுமார் 7 மி.மீ. விட்டம், 1.1 மி.மீ. தடிமன். போல்ட் முன்னால் வரும்போது அதன் முகத்தின் கீழ் ஓரம், மேகசினுக்கு மேலே தலைநீட்டும் இந்த வட்டத்தின் உச்சியைத்தான் பிடித்துத் தள்ளுகிறது. பிடிக்கக் கிடைப்பது பெரும்பாலும் 1 மி.மீ. அல்லது கொஞ்சம் கூடுதல். அதில் கால் மி.மீ. குறைந்தாலே போல்ட் எப்போதாவது தவறவிடும். அரை மி.மீ. போனால் தோட்டாவின் மேல் சறுக்கிக்கொண்டு போய்விடும்.

இப்போது மரம். வால்நட் ஒவ்வொரு 1 சதவீத ஈரத்துக்கும் இழையின் குறுக்கே ஏறத்தாழ 0.2 முதல் 0.26 சதவீதம் உப்பும். வறண்ட அறையில் மரத்தின் ஈரம் 9, 10 சதவீதம் இருக்கும். வாரக்கணக்கில் மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து போகிற குன்னூர் வீட்டில் 15-ஐத் தாண்டும். ரைஃபிளின் ஆக்‌ஷன் (போல்ட் ஓடும் இரும்பு உடல்) உட்காரும் பள்ளத்துக்கும் கீழே ட்ரிகர் கார்டு (விசையைச் சுற்றிய வளையம்) உள்ள அடித்தகட்டுக்கும் நடுவே 25 மி.மீ. மரம் இருந்தால், 5 சதவீத ஈர வித்தியாசத்தில் அது 0.25 முதல் 0.3 மி.மீ. தடிக்கிறது. அடித்தகடு அதற்கேற்பக் கீழே இறங்கலாம். மேகசின் கொக்கி அந்தத் தகட்டில் இருந்தால் மேகசினும் கூடவே இறங்கும். உங்களுக்கு நடந்திருப்பது அநேகமாக இதுதான்.

எல்லா ரைஃபிளிலும் இப்படி அல்ல. சி.இசட். (செக் நாட்டுத் தயாரிப்பு) வகைகளில் மேகசின் வீடு, அதாவது மேகசின் நுழையும் உறை, நேராக ஆக்‌ஷனின் அடியில் ஸ்குரூ போட்டு மாட்டப்பட்டிருக்கும். அங்கே மரம் தடித்தாலும் உயரம் மாறாது. ஆனால் கட்டையில் வெட்டிய ஓட்டை இறுக்கமாக இருந்தால், உப்பிய மரம் அந்த வீட்டைப் பக்கவாட்டில் அழுத்திச் சாய்த்துவிடும். மேகசினைச் சுற்றி ஒரு தாள் துண்டைச் செருகி ஓட்டிப் பாருங்கள். நாலு பக்கமும் தாள் தாராளமாகப் போக வேண்டும். மாட்டுகிற இடத்தில் மரம் பளபளப்பாகத் தேய்ந்திருக்கும், கண்ணுக்கே தெரியும்.

சோதனைக்கு முன்னால் இரண்டு விஷயம். உண்மைத் தோட்டா எதுவும் அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. சேம்பரைக் கண்ணால் பார்த்து, சுண்டுவிரலால் தொட்டும் பாருங்கள். சோதனைக்கு .22 அளவு டம்மி தோட்டா (மருந்தில்லாத போலி) வாங்கிக்கொள்ளுங்கள். வெறும் சேம்பரில் ட்ரிகரைத் தட்ட வேண்டாம், .22 போன்ற ரிம்ஃபயரில் (அடி விளிம்பில் அடித்து வெடிக்கும் தோட்டா வகை) ஃபயரிங் பின் சேம்பரின் விளிம்பைக் குத்திப் பள்ளம் போடும், பிறகு அது வேறு ஒரு சிக்கல். இன்னொன்று சட்டம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆவது பிரிவுப்படி துப்பாக்கியைப் பழுதுபார்க்கத் தனி உரிமம் வேண்டும். வைத்துக்கொள்ளும் உரிமம் அதற்குச் செல்லாது. ஆகவே பார்ப்பது, துடைப்பது, அளந்து எழுதி வைப்பது உங்கள் வேலை. இரும்பைத் தொடுகிற, ஆக்‌ஷனைக் கட்டையில் உட்கார வைக்கிற வேலையெல்லாம் உரிமம் உள்ள துப்பாக்கிக் கடைக்காரருடையது.

கைச் சோதனை ஐந்து நிமிட வேலை. மேகசினில் ஐந்து டம்மி போட்டு, சாதாரணமாகப் போல்ட்டை இயக்கி எத்தனை தவறுகிறது என்று எண்ணுங்கள். பிறகு இடது உள்ளங்கையால் மேகசினின் அடியை மேலே அழுத்திப் பிடித்துக்கொண்டு அதே ஐந்தை ஓட்டுங்கள். அழுத்தும்போது ஒன்றுகூடத் தவறவில்லை என்றால் உயரம்தான் பிரச்சினை, மேகசின் நிரபராதி. அழுத்தியும் மாற்றமில்லை என்றால் முன்பக்கமாகத் தள்ளி ஒரு சுற்று, பின்பக்கமாக இழுத்து ஒரு சுற்று. கொக்கி தேய்ந்து ஆட்டம் இருந்தால் இதில் பிடிபடும். இன்னும் உறுதி வேண்டுமா? போல்ட்டை முழுவதும் கழற்றி வைத்துவிட்டு, ஒரே ஒரு டம்மி போட்ட மேகசினை மாட்டி, பின்னாலிருந்து டார்ச் அடித்து ஆக்‌ஷனுக்குள் பாருங்கள். போல்ட் ஓடும் வட்டத்துக்குள் பித்தளை விளிம்பு நகக்கண் அளவு பிறையாகத் தெரிய வேண்டும். நூல் மாதிரி தெரிந்தால் மேகசின் தாழ்ந்திருக்கிறது.

இந்த இடத்தில் பலரும் செய்கிற தவறு, இரும்பு உடலைக் கட்டையோடு பிணைக்கும் ஆக்‌ஷன் ஸ்குரூவை இன்னும் அரைச் சுற்று முறுக்குவது. உடனே சரியாகிவிடும், அதனால்தான் அது மோசமான வைத்தியம். முறுக்கும்போது நசுங்குவது மரத்தின் இழை. தை, மாசியில் காற்று வறண்டு மரம் சுருங்கும்போது நசுங்கிய இழை திரும்பி எழாது. ஸ்குரூ தளரும், மேகசின் மேலேறிப் போல்ட்டில் உரசும், குறியும் நிற்காது. அடுத்த மழையில் இன்னும் ஒரு அரைச் சுற்று. மூன்று வருடத்தில் கட்டை வீண். மரக் கட்டைக்கு 2 முதல் 3 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை போதும். ரைஃபிளோடு வந்த குறிப்பில் வேறு அளவு சொல்லியிருந்தால் அதை வைத்துக்கொள்ளுங்கள். எப்போதும் முறுக்குவிசையை அளந்து முறுக்கும் டார்க் ஸ்குரூடிரைவரால், எப்போதும் ஒரே அளவு.

நிரந்தரத் தீர்வு பில்லர். இரண்டு ஆக்‌ஷன் ஸ்குரூ போகும் துளைகளிலும் அலுமினியக் குழாய்த் துண்டை எபாக்சியில் பதிப்பது. குழாயின் மேல் முனை ஆக்‌ஷனைத் தொடும், கீழ் முனை அடித்தகட்டைத் தொடும். அதன்பின் மரம் தடித்தாலும் மெலிந்தாலும் இரும்புக்கும் இரும்புக்கும் உள்ள தூரம் குழாயின் நீளம்தான். கடைக்காரரிடம் இரண்டு விஷயத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். முதலாவது, குழாய் நீளத்தை இப்போதைய மரத்தின் தடிமனை வைத்து எடுக்கக் கூடாது, மேகசின் சரியாக எடுக்கும் உயரத்தை வைத்துத்தான் எடுக்க வேண்டும். இப்போது ஈர மரத்தை அளந்து வெட்டினால் இந்தக் கோளாறையே அலுமினியத்தில் நிரந்தரமாக வார்த்ததாகிவிடும். இரண்டாவது, ஸ்குரூ குழாயின் உள்சுவரைத் தொடக் கூடாது, அரை மி.மீ. இடைவெளி இருக்கட்டும்.

அதுவரை என்ன செய்வது? மேகசின் உயரமாக இருந்தால் அடித்தகட்டுக்கும் மரத்துக்கும் நடுவே மெல்லிய தகடு வைத்து இறக்கலாம். தாழ்ந்திருக்கும்போது அப்படி ஒரு குறுக்குவழி இல்லை, மரத்தைச் செதுக்கினால்தான் ஏறும், செதுக்கியது திரும்பி வராது. எனவே மரத்தை மெதுவாக உலர விடுங்கள். மூடிய இரும்பு அலமாரியில் சிலிகா ஜெல்லோடு இரண்டு மூன்று வாரம். கணப்பு அடுப்புப் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம், ஒரே இரவில் ஸ்குரூ துளையிலிருந்து வெடிப்பு கிளம்பும். மாசி, பங்குனியில் மரம் உலர்ந்திருக்கும்போது உள்பள்ளத்தை மூடிவிடுங்கள். சொல்லிச் செய்கிற கட்டைகளில் வெளிப்பக்கம் கண்ணாடி மாதிரி பாலிஷ், உள்ளே பூச்சே இல்லாத மரம். ஈரம் அந்த வழியாகத்தான் ஏறுகிறது. பாலியூரித்தேன் வார்னிஷை மெல்லியதாக மூன்று கோட், ஸ்குரூ துளை, மேகசின் ஓட்டை, பட் பிளேட்டின் (தோளில் ஊன்றும் தகடு) அடி உட்பட. ஆளிவிதை எண்ணெய் பார்க்க அழகு, ஈரத்தைத் தடுக்க உதவாது. தேயிலைத் தோட்டத்தில் வெட்டிய சில்வர் ஓக்கைச் சரியாக உலர்த்தாமல் கட்டை செய்து கொடுப்பவர்களும் உண்டு. அதற்கு வார்னிஷும் பில்லரும் போட்டுப் பயனில்லை, ஒரு வருடம் காயப்போட்டு மறுபடி பொருத்த வேண்டியதுதான்.

இனி உங்கள் இரண்டாவது புகார், ஈயமுனை முட்டுவது. டம்மியின் முனையில் சிவப்பு மார்க்கர் பூசி மெதுவாக ஏற்றுங்கள். முட்டியதும் நிறுத்தி, மேகசினைக் கழற்றி, சேம்பர் வாயில் சிவப்பு எங்கே ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். கீழ்ப்பக்கம் ஒட்டியிருந்தால் மூக்கு தொங்குகிறது. மேகசினின் முன்பக்கம் தாழ்வு, அல்லது உள்ளே தோட்டாவைத் தூக்கும் தட்டு முன்னால் சாய்கிறது, அல்லது கழுவும்போது ஸ்பிரிங்கைத் தலைகீழாகப் போட்டிருக்கிறீர்கள். மேல்பக்கம் ஒட்டியிருந்தால் உதட்டின் முன்பாதி தோட்டாவைச் சீக்கிரம் விட்டுவிடுகிறது. உதட்டில் உண்மையிலேயே சந்தேகப்பட வேண்டிய ஒரே அறிகுறி இது. பக்கவாட்டில் ஒட்டினால் மேகசின் வீடு சாய்ந்திருக்கிறது, திரும்பவும் மரம். உண்மைத் தோட்டாவின் ஈயத்தில் சீவல் எடுத்த தழும்பு இருந்தால் அதுவும் இதே கதையைச் சொல்லும்.

எத்தனையாவது தோட்டா நிற்கிறது என்பதும் முக்கியம். முதல் ஒன்றிரண்டு மட்டும் நின்றால் மேகசின் நிரம்பி ஸ்பிரிங் இறுகியிருக்கிறது, 10-க்குப் பதில் 9 போட்டுப் பாருங்கள். கடைசி ஒன்றிரண்டு நின்றால் ஸ்பிரிங் தளர்ந்தது அல்லது தட்டு அழுக்கில் ஒட்டுகிறது. நடுவில் எங்காவது நின்றால் ஏற்றிய முறை தப்பு. .22 தோட்டாவுக்கு விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால், மேலே உள்ளதன் விளிம்பு கீழே உள்ளதன் விளிம்புக்கு முன்னால் உட்கார வேண்டும். ஒன்று பின்னால் சிக்கிக்கொண்டால், போல்ட் தள்ளும்போது கீழ்த் தோட்டாவையும் இழுத்துக்கொண்டு வந்து இரண்டும் பூட்டிக்கொள்ளும். ஒவ்வொன்றையும் உதட்டுக்குக் கீழே முன்னாலிருந்து பின்னால் வழுக்கிச் செருகுங்கள், மேலிருந்து அழுத்தித் திணிக்காதீர்கள். ஏற்றி முடித்ததும் மேகசினின் முதுகுப்பக்கத்தை உள்ளங்கையில் தட்டுகிற பழக்கம் சினிமாவில் வந்தது, ரிம்ஃபயருக்கு ஆகாது.

மேகசினைக் கழுவுவது பற்றி. .22 ஈயத்தின் வெளியே மெழுகோ கிரீஸோ பூசியிருப்பார்கள். மார்கழி உறைபனி நாட்களில் ஊட்டி, தலைக்குந்தா பக்கம் அது கெட்டிப்பட்டு, புகைக்கரியோடு சேர்ந்து மேகசின் சுவரில் பசையாக ஒட்டும். பிரித்து, பெட்ரோலியம் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்து, முழுக்கக் காயவிட்டுச் சேருங்கள். பிரிக்குமுன் ஸ்பிரிங்கின் எந்த முனை மேலே, எந்தப் பக்கம் முன்னே என்று போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். நம் ஊரில் எதற்கெடுத்தாலும் நீலகிரித் தைலம்தான். மெழுகை நன்றாகவே கரைக்கும், ஒப்புக்கொள்கிறேன், ஆனால் சில பிளாஸ்டிக்கை இளக்கிவிடும், கட்டையின் வார்னிஷையும் கெடுக்கும். வேண்டாம். மேகசினுக்குள் எண்ணெய் விடுவதும் வேண்டாம். எண்ணெய் மெழுகைக் குழைத்துப் பசையைப் பெருக்கும், தோட்டாவுக்குள் கசிந்தால் மருந்தைக் கெடுக்கும். ஸ்பிரிங்குக்குத் துரு பயம் இருந்தால் எண்ணெய்த் துணியால் ஒரு முறை துடைத்து, காய்ந்த துணியால் அதையும் எடுத்துவிடுங்கள். தட்டுக்குக் கிராஃபைட் தூள் ஒரு சிட்டிகை போதும்.

மேகசினே சம்பந்தப்படாத ஒரு கோளாறும் உண்டு. பேரலும் (குழல்) தனியாகப் போட்டதா? போட்டிக்கான மேட்ச் சேம்பர் என்றால் ஈயம் ரைஃப்ளிங்கில் (குழலின் உள்வரிகளில்) லேசாகப் பதியும்படி இறுக்கமாகவே வெட்டியிருப்பார்கள். கடைசி 2 மி.மீ. போல்ட்டை அழுத்தித்தான் மூட வேண்டியிருக்கும், அது இயல்பு. இதை ரேஞ்சில், குழல் இலக்கை நோக்கி இருக்கும்போது ஒரே தோட்டாவைக் கையால் போட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். கையால் போட்டாலும் இறுகினால் மேகசினைக் குறை சொல்லாதீர்கள். முன்பு இறுகாமல் இப்போது இறுகினால் சேம்பர் முன்னால் கரி வளையம் கட்டியிருக்கிறது, வெண்கலப் பிரஷ்ஷால் பின்பக்கமிருந்து துடைத்தால் போகும். அத்தகைய சேம்பரில் ஏற்றிய தோட்டாவைச் சுடாமல் வெளியே இழுத்தால் ஈயம் பேரலிலேயே தங்கி, மருந்து ஆக்‌ஷனுக்குள் கொட்டலாம். வெளியே வந்தது ஈயத்தோடு வந்ததா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

இவ்வளவும் பார்த்து, சிவப்பு மார்க் மேலேதான் ஒட்டுகிறது என்றால் அப்போது உதடு. அதற்கும் முதலில் அளவு வேண்டும். நன்றாக ஓடும் இன்னொரு மேகசினை எடுத்து, இரண்டிலும் உதட்டின் இடைவெளியை முன்னால், நடுவில், பின்னால் என்று மூன்று இடத்தில் வெர்னியரால் அளந்து எழுதிக் கொடுங்கள். கடைக்காரர் அந்தத் தாளைப் பார்த்து வேலை செய்யட்டும். புது மேகசின் கிடைக்கும் என்றால் வளைப்பதைவிட அதுதான் மேல்.

பில்லர் போட்ட பிறகு மேகசின்களுக்கு அடியில் எண் எழுதி, ரேஞ்சில் ஒவ்வொன்றிலும் 50 ரவுண்டு, எத்தனையாவது நின்றது என்று குறித்தபடி சுடுங்கள். அதே சோதனையை மார்ச்சில் ஒரு முறை, அடுத்த ஐப்பசியில் ஒரு முறை. குளிரிலிருந்து சூடான அறைக்குள் வந்ததும் ரைஃபிளைப் பையில் மூடி வைக்காதீர்கள். இரும்பில் முத்து முத்தாக வேர்க்கும், அந்தத் தண்ணீர் நேராக உள்பள்ளத்துக்குத்தான் இறங்கும்.