கோமுகம் போகிறவர்கள் கேட்டவை

கேள்வி: அண்ணா, கங்கோத்ரியிலிருந்து கோமுகம் போய்விட்டு ஒரே நாளில் திரும்பலாமா?

கோமுகம் என்பது உத்தராகண்ட் இமயமலையில் கங்கோத்ரி பனியாறு முடிந்து, அடியிலிருந்து கங்கையின் தலையாறான பாகீரதி வெளியே வரும் முகப்பு. போக 18 கிலோமீட்டர், வர 18. திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள், நான் அதைச் சொல்ல மாட்டேன். கங்கோத்ரியே சுமார் 3,100 மீட்டர் உயரம், கோமுகம் 4,000-ஐ ஒட்டி வரும், அதனால் கால் தாங்கினாலும் தலை தாங்காது. கங்கோத்ரியில் ஒரு நாள் சும்மா இருங்கள், அப்புறம் 14-வது கிலோமீட்டரில் இருக்கும் போஜ்பாசாவில் இரவு தங்கி, விடிந்ததும் மிச்சத்தை நடங்கள்.

கேள்வி: போட்டோவில் வெறும் மண்மேடு மாதிரி தெரிகிறதே, பனி எங்கே?

அந்த மண்மேடுதான் பனியாறு! சுமார் 30 கிலோமீட்டர் நீளம், கீழ்ப்பகுதி முழுக்கக் கல்லும் மண்ணும் போர்த்திக் கிடக்கும். வெள்ளை வெளேரென்று எதிர்பார்த்துப் போய் ஏமாறாதவர் குறைவு, நானும்தான். முகப்பில் உடைந்த சுவரைப் பார்த்தால்தான் உள்ளே நீலமும் சாம்பலுமாக ஐஸ் தெரியும். அடியிலிருந்து வரும் பாகீரதி சிமென்ட் கரைத்த நிறத்தில் இருக்கும், பனியாறு பாறையை அரைத்த மாவு அது. பாட்டிலில் பிடித்துக் கொஞ்ச நேரம் வைத்தால் அடியில் சாம்பல் வண்டல் படியும்.

கேள்வி: அந்தச் சுவர் வரை போய்த் தண்ணீர் பிடிக்கலாமா?

வேண்டாம். வெயில் ஏற ஏற மேலே ஒட்டியிருக்கும் கல் உருளும், ஐஸ் பாளம் சொல்லாமல் விழும். தள்ளி நின்று பாருங்கள், தண்ணீரைக் கீழே ஓரமாகப் பிடித்தாலும் அதே கங்கைதான். எந்த வருடமும் முகப்பு ஒரே இடத்தில் இருப்பதில்லை, பின்வாங்கிக்கொண்டே போகிறது, அதனால் பழைய வீடியோவை நம்பி வழி தேடாதீர்கள்.

கேள்வி: அனுமதி?

கட்டாயம். ஒரு நாளைக்கு 150 பேர்தான். மே, ஜூனில் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

கேள்வி: எந்த மாதம் நல்லது?

என் ஓட்டு செப்டம்பர் கடைசிக்கு. மழை விட்டிருக்கும், சிவலிங் சிகரம் துடைத்துவைத்த மாதிரி நிற்கும், வழியில் நீல ஆடுகள் மேயும். ஜூலை, ஆகஸ்டில் மண்சரிவு. தீபாவளியை ஒட்டிக் கங்கோத்ரிக் கோயில் நடை சாத்திவிடுவார்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 64 வயது, மூட்டுவலி. கூட்டிப்போகலாமா?

கங்கோத்ரி வரை காரே போகும். அம்மாவைக் கோயிலோடு நிறுத்தி, துணைக்கு ஒருவரை விட்டுவிட்டு நீங்கள் மட்டும் நடங்கள். வரும்போது அவர்களுக்கு ஒரு பாட்டில் தண்ணீர்.