அப்பாவுக்கு சிங்க் மாத்திரை கொடுக்கலாமா?

செங்கோட்டை சகோதரிக்கு,

அப்பாவுக்குக் கல்லீரல் சுருக்கம், பகலெல்லாம் தூங்கி இரவில் குழப்பமாகப் பேசுகிறார், புனலூரில் வாங்கிய மினரல் மாத்திரையைக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் அந்த அட்டையைத் திருப்பிப் பாருங்கள். மாங்கனீஸ் இருந்தால் வேண்டவே வேண்டாம். பழுதான கல்லீரலால் அதைப் பித்தநீர் வழியாகச் சரியாக வெளியேற்ற முடியாது. மூளையில் போய்ப் படியும்.

சிங்க், அதாவது துத்தநாகம், வேறு கதை. ரத்தத்தில் சேர்ந்து இந்தக் குழப்பத்தை உண்டாக்கும் அம்மோனியா என்ற கழிவை யூரியாவாக மாற்றும் வேலைக்கு அது தேவை. இந்த நோயாளிகளுக்குச் சிறுநீரில் அது கூடுதலாகப் போய்விடுகிறது. ரத்தத்தில் குறைவாக இருந்தால் டாக்டரே எழுதித் தருவார். ஆனால் அது குழப்பத்தைக் குறைக்குமா என்பதில் ஆராய்ச்சி முடிவுகள் எல்லாம் ஒன்றுபோல் இல்லை. நீங்களாக அளவைக் கூட்டினால் தாமிரச் சத்து குறைந்துவிடும்.

அம்மோனியாவை மலத்தோடு வெளியேற்றும் லாக்டுலோஸ் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தால், அதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். தினமும் 2, 3 முறை இளக்கமாகப் போக வேண்டும். என் மாமனாருக்கு வயிறு கலங்குகிறதே என்று பாவப்பட்டு 2 நாள் நிறுத்தினோம். மறுநாள் காலையில் என்னையே யாரென்று கேட்டார். அப்புறம், பயறு, மோர் எதையும் குறைக்காதீர்கள். படுக்கும் முன் ஏதாவது சாப்பிடட்டும்.

இந்தக் குழப்பத்தை இன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். காய்ச்சல், கருப்பாக மலம், எழுப்பினாலும் எழாத தூக்கம் என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள்.