ஒரே எண், வேறு எழுத்து: ஃபிரேம் மாறியதா, எண் மாறியதா?

கேள்வி: 1966 டிரையம்ஃப் போனவில் மோட்டார் சைக்கிள் ஒன்றுக்கு அட்வான்ஸ் கொடுத்திருக்கிறேன். இன்ஜினிலும் ஃபிரேமிலும் ஒரே எண்தான். ஆனால் ஃபிரேமில் எழுத்தின் வடிவம் வேறு மாதிரி இருக்கிறது. "அந்தக் காலத்திலேயே ஃபிரேம் மாற்றியது" என்கிறார் விற்பவர். நம்பலாமா?

பதில்: நடக்கக்கூடியதுதான். விபத்தில் ஃபிரேம் வளைந்துபோனால் எண் இல்லாத வெற்று ஃபிரேமை வரவழைத்து, பழைய எண்ணை டீலரே பஞ்ச் (உலோகத்தில் எண்ணைப் பதிக்கும் அச்சு) அடிப்பது அன்றைய வழக்கம். அவருடைய பஞ்ச் செட் வேறு என்பதால் எழுத்தும் மாறும். சிக்கல் என்னவென்றால், திருட்டு வண்டிக்கு எண் மாற்றுகிறவரும் கடைப் பஞ்சால்தான் அடிப்பார். ஆகவே எண்ணை விட்டுவிட்டு, அது இருக்கும் உலோகத்தைப் பாருங்கள்.

அந்த இடத்துப் பெயின்ட்டை ரிமூவர் போட்டு எடுங்கள். எமரி, கிரைண்டர் பக்கமே போகாதீர்கள், தடயம் அழிந்துவிடும். ஒரு ஸ்டீல் ஸ்கேலை விளிம்பு படும்படி வைத்து, பின்னாலிருந்து டார்ச் அடியுங்கள். நடுவில் வெளிச்சம் கசிந்தால் அங்கே பள்ளம், யாரோ ராவியிருக்கிறார்கள். அரக் கோடுகள், வெல்டிங் வைத்துத் தேய்த்த மேடு, சுற்றுப்புறத்தைவிட வழவழப்பான திட்டு எல்லாம் அதே கதைதான். வெற்று ஃபிரேமில் ராவ வேண்டிய தேவையே இல்லையே! ராவிய எண்ணும் முழுதாகப் போய்விடாது. பஞ்ச் அடித்தபோது அடியில் இறுகிய உலோகத்தில், தடயவியல் கூடத்தில் அமிலம் தடவினால் பழைய எண் பெரும்பாலும் தெரியவரும்.

வரி கோணலாக இருப்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தொழிற்சாலையிலும் கையால்தான் அடித்தார்கள்.

அடுத்து, காலம் பொருந்துகிறதா? உங்கள் வண்டிக்கு டி.யு. என்ற முன்னெழுத்து வேண்டும். 650 சிசி யூனிட் இன்ஜின் (இன்ஜினும் கியர் பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் இருப்பது) வண்டிகளில் அது 1963 முதல் 1969 வரை வந்தது. ஃபிரேமுக்குள்ளேயே ஆயில் இருக்கும் அமைப்பு 1971 மாடலில்தான் வந்தது. அதில் 1966 எண் இருந்தால் பேச்சே வேண்டாம்.

இன்ஜினுக்கும் ஃபிரேமுக்கும் ஒரே எண் என்ற இந்த டிரையம்ஃப் கணக்கை எல்லாக் கம்பெனிக்கும் போடாதீர்கள். ஹோண்டா சிபி750-இல் இன்ஜின் எண்ணும் ஃபிரேம் எண்ணும் கம்பெனியிலேயே வேறு வேறு. 1970-க்கு முந்தைய ஹார்லி ஃபிரேமில் அடையாள எண்ணே கிடையாது, இன்ஜினில் மட்டும்தான். அப்படி ஒன்றில் இரண்டும் "மேட்ச்" என்று யாராவது பெருமையாகக் காட்டினால் அங்கேதான் உஷாராக வேண்டும்.

பிரிட்டனின் விண்டேஜ் மோட்டார் சைக்கிள் கிளப்பிடம் பழைய டிரையம்ஃப் பதிவேடுகள் உண்டு. அந்த எண் எந்த மாடலுக்கு, எப்போது போனது என்று கேட்கலாம். ஆனால் ஃபிரேம் பிறகு மாறியதா என்பது அதில் இருக்காது. அதற்குப் பழைய டீலர் பில்லோ பதிவுப் புத்தகக் குறிப்போ வேண்டும். அது இருந்தால் ஒரிஜினலைவிடக் குறைத்துப் பேசி வாங்குங்கள். ஸ்கேலுக்கு அடியில் வெளிச்சம் வந்தால் விலை பேசாதீர்கள், அட்வான்ஸைத் திருப்பிக் கேளுங்கள்.